கண்ணில் ஒரு குறையும் இல்லை

“கண்ணைக் கசக்காதடி. உள்ள கீறது நழுவி உழுந்துடப் போவுது.”

வேம்புலியம்மாள் சொன்னதும் மகள் நாகவல்லி கையை இறக்கினாள். மடியில் துண்டை விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் தவறினால் துண்டில்தான் விழ வேண்டும் என்று மவுண்ட் ரோடு கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மீன் செதிலைவிடச் சின்னது. தரையில் விழுந்தால் கிடைக்காது.

பெரம்பூரில் ஸ்பிரிங் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. இந்த வருஷத் தீபாவளி போனஸ் முழுவதும் அந்த இரண்டு செதில்களுக்குப் போயிருந்தது. காலையில் அம்பத்தூரில் ரயிலேறும்போது கனத்த பழைய மூக்குக்கண்ணாடி. சாயங்காலம் வீட்டில் லென்ஸ். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் கொஞ்சம் கூட என்று கண்ணைப் பழக்கி மூன்று வாரமாயிற்று. இன்னும் மண் விழுந்தது போலத்தான் உறுத்தியது.

“கண்ணாடியோடவே நிக்கிறேம்மா. கீறதைக் கீறா மாதிரி காட்டினா இன்னா?”

“காட்டித்தானே ரெண்டு எடம் போச்சு? குமணன்சாவடிக்காரன் இன்னா சொன்னான்? பொண்ணு சோடாபுட்டி போட்டுகினு கீது, சோடாக் கடைக்காரனாப் பாத்துக் குடுங்கன்னான். இதுவும் போச்சுன்னா ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். உனுக்குப் பின்னால ராணி வேற கீறா.”

ராணி இரண்டு வயது இளையவள். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அக்காவும் தங்கையும் ஒரே முகம். வருகிறவர்கள் இளையவளைக் கேட்டுவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு தடவையும் போல, அவளைக் காலையிலேயே மண்ணூர்பேட்டையில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

தரகர் சின்னசாமி முன்னதாகவே சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

“அவங்களுக்குக் கண்ணாடி சமாசாரம் தெரியுமா அண்ணாத்தே?” என்று வேம்புலியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் வாயே தொறக்கல. பையன் பேரு திருவேங்கடம். ஆவடிலேர்ந்து தெனம் ரயில்ல வந்து நம்ம ஸ்டேஷன்ல எறங்கி, எஸ்டேட்ல லேத் ஓட்டறான். நானாப் போய்க் கேக்கலம்மா. அவங்களா வந்து, அந்த ஊட்டுப் பெரிய பொண்ணைக் கேளுன்னாங்க.”

“நம்ம நல்ல நேரம்” என்றாள் வேம்புலியம்மாள்.

நாலு மணிக்குத் திருவேங்கடமும் அவன் அம்மா முனியம்மாவும் வந்தார்கள். நாகவல்லி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். கண்ணாடி விளிம்பு குறுக்கே நிற்காமல் ஒரு மனிதனை முழுதாகப் பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அவன் நகக்கண்களில் சோப்புக்கும் போகாத கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

திருவேங்கடம் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த அறைக் கதவைப் பார்த்தான். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கதவையே பார்த்தான்.

“ஊட்ல வேற பொண்ணு கீதா?” என்று முனியம்மா கேட்டாள்.

“சின்னது ஒண்ணு கீது. சித்தி ஊட்டுக்குப் போயிருக்கு.”

“ஓ.”

அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மா தன் ரவிக்கைக் கையைத் தடவினாள்.

“தையலு விட்டுப்போச்சு. ஒரு ஊசில நூல் கோத்துக் குடும்மா.”

வேம்புலியம்மாள் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தாள். நாகவல்லி கறுப்பு நூலின் நுனியைப் பல்லால் கடித்தாள். ஊசியை வெளிச்சத்துக்குக்கூடத் தூக்கிப் பிடிக்கவில்லை. முதல் தடவையிலேயே கோத்து நீட்டினாள்.

“கண்ணு அவ்ளோ நல்லாத் தெரியுமா உனுக்கு?”

நாகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேம்புலியம்மாள் முந்திக்கொண்டாள்.

“அவ கண்ணுல ஒரு குறையும் இல்ல. பொறந்ததுலேர்ந்து கண்ணாடியைத் தொட்டதே இல்ல.”

திருவேங்கடம் பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்தான். சொல்லி அனுப்புகிறோம் என்று முனியம்மா எழுந்தாள்.

அவர்கள் தெரு முனையைத் தாண்டியதும் வேம்புலியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். “ஊசியைக் கோத்துக் குடுத்தியே, அந்தம்மா மூஞ்சியைப் பாத்தியா? அசந்துட்டா.”

மறுநாள் பழைய சாமான்காரன் வண்டி தள்ளிக்கொண்டு வந்தபோது, ஓட்டை வாளியோடு மகளின் பழைய கண்ணாடியையும் போட்டு, அவள் பேரீச்சம்பழம் வாங்கி வைத்தாள். இனி அது எதற்கு?

மூன்றாம் நாள் சின்னசாமி வந்தார். வேம்புலியம்மாள் கிண்ணம் நிறையப் பேரீச்சம்பழத்தை அவர் முன்னால் வைத்தாள். நாகவல்லி கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நாள் பாக்கச் சொன்னாங்களா அண்ணாத்தே?”

“வேணான்ட்டாங்க.”

வேம்புலியம்மாள் மகள் நின்ற கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “கண்ணுக்குள்ள கீறதைக் கண்டுபுடிச்சிட்டாங்களா?”

“அட, நானே சொன்னேன். கண்ணுக்குள்ள போயி யாராச்சும் கண்ணாடி வெப்பாங்களான்னு சிரிக்கிறாங்க.”

“பின்ன இன்னாதான் குறையாம்?”

சின்னசாமி பழத்தை மென்று, கொட்டையைக் கையில் துப்பினார்.

“பையன் ஆறு மாசமா அம்பத்தூர் ஸ்டேஷன்ல பாத்துப் பாத்து ஆசப்பட்டது, தடிக் கண்ணாடி போட்ட உங்க பெரிய பொண்ணையாம்; அவளை ஒளிச்சு வெச்சிட்டு, ஊசி கோக்கற சின்னதைக் காட்டி ஏமாத்தப் பாத்தீங்களாம். அந்தக் கண்ணாடியோட அவளைக் கொண்ணாந்து நிறுத்தினா நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்னாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.