ஒன்பதாவது ஆள்

மழையால் தள்ளிப்போன வாட்சன்வில் பெண்கள் சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் வராவிட்டால் கோப்பை எதிரணிக்கு. கேப்டன் கிரேசியேலா, பந்து வீசும் இட்செலுக்குப் போன் போட்டாள்.

"எங்கடி இருக்க?"

"சர்ச்லதான். கல்யாணம் இப்பதான் முடிஞ்சுது."

"பின்வாசல் வழியா நழுவி வந்துடேன்!"

"எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி. ரமீரோ வேற கோவிச்சுக்குவான்."

"அவனையும் இழுத்துட்டு வா! சாப்பாடு எங்க ஓடிடப் போகுது?"

எதிரணி ஜெயித்ததாக நடுவர் அறிவிக்கப் போன நேரம், ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைக் கவுனை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண் இட்செல் மைதானத்துக்குள் ஓடினாள். பின்னாலேயே அவள் பந்து பிடிக்கும் கையுறையோடு மாப்பிள்ளை ரமீரோ.

"ஜெயிச்சுட்டு வாடி, பொண்டாட்டி!"

மாலை விருந்தில், கல்யாணக் கேக்குக்குப் பக்கத்தில் கோப்பையும் இருந்தது.