ஜன்னலோர நாற்காலி

"நீங்க எழுந்து அந்த ஜன்னலோர நாற்காலிக்குப் போயிடுங்க. இங்கே உட்கார்ந்தீங்கன்னா படிக்கிறது தம்பியா நீங்களான்னு எனக்கே குழப்பமாயிடும்" என்றார் டாக்டர்.

அக்கா அசடு வழிய எழுந்து போனாள். பதினாறு வாரங்களாக இதே கதைதான். தம்பி ஒரு சொல்லில் தடுக்கினால் போதும், முந்திரிக்கொட்டை மாதிரி அதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். மூன்றாவது வாரமே பொறுமையிழந்த டாக்டர், காகிதம் கண்ணில் படாத தூரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்து நாலு வயதுத் தம்பிக்கு எந்த லிஃப்டையும் பிரித்துப் பூட்டத் தெரியும். நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க வராது. எழுத்துகள் அவனுக்கு வரிசையில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மக்கு என்றார்கள். இந்த வாசிப்புப் பயிற்சிக்கு வந்த பிறகுதான், 'இதுக்குப் பேர் டிஸ்லெக்ஸியா, அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, மூளையை வேற வழியில பழக்கலாம்' என்று டாக்டர் சொன்னார்.

அதுவரை அவனுக்கு அக்காதான் கண். காலையில் கம்பெனி கொடுக்கும் வேலைத்தாளை அவன் படம் பிடித்து அனுப்புவான். அவள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதற்குள் அதைப் படித்துக் குரல் பதிவாக அனுப்பிவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் படிக்கத் தெரிய வேண்டும் என்று சொல்லி அவன் இந்தப் பயிற்சியில் சேர்ந்தபோது, அவனைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

"மெக்கானிக் சார், இன்னிக்குக் கடைசி நாள். இத்தனை நாள் நான் கொடுத்ததைப் படிச்சீங்க. இன்னிக்கு நீங்களே கொண்டு வந்த ஒரு பக்கம். முழுசா, யார் தயவும் இல்லாம. எடுத்துட்டு வந்தீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தான். மடிப்புகள் நைந்து போயிருந்தன.

"என்னடா அது?" ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"ஒரு லெட்டர்க்கா."

"புரமோஷனா? சொல்லவே இல்லை பாரு!"

"ஷ்ஷ்..." என்றார் டாக்டர்.

நடுவில் நீளமாக ஓட்டை வெட்டிய அட்டையைத் தாளின் மேல் வைத்தான். ஒரு வரி மட்டும் தெரிந்தது. ஒவ்வோர் அசைக்கும் இடது கை விரல் மேஜையைத் தட்டியது.

"தங்கள்... விண்ணப்பம்... ஏற்றுக்... கொள்ளப்... பட்டது."

கழுத்தில் வியர்வை வழிந்தது. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

அடுத்த வரியில் சிக்கினான். மூச்சு வாங்கியது.

"அவசரமில்லை" என்றார் டாக்டர். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? கதவை நெம்புவீங்களா?"

"நெம்பக் கூடாது டாக்டர். கரன்ட்டை நிறுத்திட்டு, கையால சக்கரத்தைச் சுத்தி, மெதுவா அடுத்த மாடிக்குக் கொண்டு வரணும்."

"சொல்லையும் அப்படியே கொண்டு வாங்க."

சிரித்தான். மறுபடி தட்டினான். "இரண்டாண்டுப்... பயிற்சிக் காலம்... முழுவதும்... உ... உத..."

விரல் நின்றது.

"உதவித்தொகையும் தங்கும் விடுதியும்!"

டாக்டர் பேனாவைப் பட்டென்று வைத்தார். "கடைசி நாள்லகூடவா? உங்க வாய்க்கு ஒரு பூட்டு..." பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். இடையில் பத்தடி இருந்தது. போதாக்குறைக்குத் தாளின் முதுகுதான் அவள் பக்கம்.

"அங்கேயிருந்து இது தெரியவே தெரியாதே. எப்படிச் சொன்னீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது அவளுக்கு வந்த லெட்டர் டாக்டர்" என்றான் தம்பி. "நாலு மாசத்துக்கு முன்னாடி குப்பைக் கூடையில கிடந்துச்சு. என்னன்னு கேட்டேன். கட்டில் கடை விளம்பரம்னு சொன்னா. கட்டில் விளம்பரத்தைப் படிச்சுட்டு யாராவது மூக்கைச் சிந்துவாங்களா?"

"அது எட்டு மணி நேரப் பயணம்டா" என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "நான் போயிட்டா காலையில உனக்கு யாருடா படிச்சுச் சொல்லுவா?"

தம்பி அட்டையை ஒரு வரி கீழே இறக்கினான். தட்டித் தட்டி, திக்கித் திக்கி, ஆனால் ஒரு சொல்லையும் விடாமல் படித்து முடித்தான்.

"தேர்வான செவிலியர்கள் ஆறு மாதங்களுக்குள் நேரில் வந்து சேர வேண்டும்."

அக்கா இந்த முறை வாயே திறக்கவில்லை. கண்ணைத் துடைக்கவே கை போதவில்லை.

டாக்டர் கேட்டார்: "வேற யார்கிட்டயாவது கொடுத்து அன்னிக்கே படிச்சுத் தெரிஞ்சிருக்கலாமே, இதுக்காகவா நாலு மாசம் கஷ்டப்பட்டீங்க?"

தம்பி தாளை மடித்து, எழுந்து போய், அக்காவின் கையில் வைத்தான்.

"என்ன எழுதியிருக்குன்னு அன்னிக்கே என் ஃபிரெண்டு படிச்சுச் சொல்லிட்டான் டாக்டர், ஆனா நானே படிச்சாதானே இவ போவா!"