ஏழை அழுத்தவும்

மூன்றாவது முறையாகப் பிரமிளா அந்த அழைப்பின் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"எங்கள் மருத்துவமனை தங்களை அன்புடன் வரவேற்கிறது."

பேசியது சென்னையில் யாரோ ஒரு பெண். எழுதிக் கொடுத்தது பிரமிளா.

அடுத்து முழு உடல் பரிசோதனைத் திட்டம் பற்றி இருபத்திரண்டு நொடி. பிறகு எண்கள். முன்பதிவுக்கு ஒன்று. பரிசோதனை முடிவுக்கு இரண்டு. காப்பீட்டுக்கு மூன்று.

ஆம்புலன்ஸ் ஏழில் இருந்தது.

ஜனவரி வரை அது ஒன்றில்தான் இருந்தது.

ஒன்றை அழுத்தினால் உடனே ஆள் எடுப்பார். அது ஊருக்கே தெரிந்துபோயிற்று. டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்பவர், சீட்டைத் தொலைத்தவர், கேன்டீன் திறந்திருக்கிறதா என்று விசாரிப்பவர், எல்லோரும் ஒன்றையே அழுத்தினார்கள். நாளைக்கு நானூறு அழைப்பு. அதில் உண்மையான அவசரம் பத்தோ பன்னிரண்டோ. ஆம்புலன்ஸ் மேசையில் இருந்த இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிப்போயிற்று.

மருத்துவமனை பிரமிளாவின் கம்பெனிக்கு வந்தது. தொலைபேசியில் எந்த எண்ணுக்கு எது என்று அமைத்துத் தருவதுதான் கோவையில் அவள் பார்க்கும் வேலை.

அவள் ஆம்புலன்ஸை ஏழுக்கு நகர்த்தினாள். அது போதாதென்று இன்னொரு படியும் வைத்தாள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் மீண்டும் ஏழை அழுத்தவும்.

நானூறு அழைப்பு முப்பதாகக் குறைந்தது.

மேலாளர் கோகுல்நாத் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க, முதல் மூன்று மாதம் வரவேற்புக் குரலிலிருந்தே அழைப்புகள் பதிவாகட்டும் என்று கேட்டு வாங்கியதும் அவள்தான்.

அப்படிப் பதிவானதுதான் இது. பதினெட்டு நாளுக்கு முன், காலை ஆறு இருபது.

அழைத்தவர் மயிலாத்தாள். அறுபத்தாறு வயது. காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. கணவர் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சுவலி. இவ்வளவும் மகன் கொடுத்த புகாரில் இருந்தது.

பதிவில் பின்னால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார்.

குரல் பரிசோதனைத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நடுவில் எந்த எண்ணையும் அழுத்தலாம். அழுத்தினால் குரல் நின்றுவிடும். அவசரத்தில் இருப்பவர் அப்படித்தான் செய்வார் என்று பிரமிளா நினைத்திருந்தாள்.

மயிலாத்தாள் அழுத்தவில்லை.

பின்னால் ஒரு முனகல். அதற்கு அவள் பதில் சொல்கிறாள்.

"சித்த பொறுங்க. அவங்க இன்னும் பேசிட்டு இருக்காங்க. நடுவால அமுத்துனா மரியாதையா இருக்காதுங்க."

ஏழு வருகிறது. அழுத்துகிறாள்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால், என்று குரல் கேட்கிறது.

ஆமாங்க, ஆபத்துதானுங்க என்று குரலிடமே சொல்கிறாள். ஊரைச் சொல்கிறாள். பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே என்று வழி சொல்கிறாள்.

எண் எதுவும் அழுத்தப்படாததால் குரல் மறுபடி வரவேற்பிலிருந்து தொடங்குகிறது.

அதையும் முழுசாகக் கேட்கிறாள்.

நான்காவது நிமிடத்தில் ஃபோன் எங்கேயோ வைக்கப்படுகிறது. கட்டில் நகரும் சத்தம். அவரைப் பேர் சொல்லாமல் கூப்பிடுகிறாள். ஏனுங்க, ஏனுங்க என்று. காப்பீட்டுக்கு மூன்று என்கிறது குரல்.

பிரமிளா ஹெட்போனைக் கழற்றினாள்.

திரையில் அறிக்கை திறந்திருந்தது. ஒரே வரி போதும் என்று கோகுல்நாத் காலையிலேயே சொல்லியிருந்தார். அழைத்தவர் உரிய எண்ணை உரிய நேரத்தில் அழுத்தவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றும் சொன்னார். கீழே அவள் பெயர். ஐந்து மணிக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதிவை இன்றோடு அழித்துவிடலாம் என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டாராம்.

மணி நாலு இருபது.

மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பதிவில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மயிலாத்தாளின் அதே குரல்.

ஆஸ்பத்திரி ஃபோன் விஷயமாகப் பேசுகிறேன் என்றாள் பிரமிளா.



"நான் ஏதாச்சும் தப்பா அமுத்திப்போட்டனுங்களா கண்ணு?"

எதை அமுத்தினாய் என்று மகன் தினமும் கேட்கிறானாம். அவளுக்கு நினைவில்லையாம். படித்தவளாக இருந்திருந்தால் பிழைக்க வைத்திருப்பாள் என்று கருமாதியில் யாரோ சொன்னது காதில் விழுந்ததாம். அது சரிதானே என்றும் கேட்டாள்.

இல்லை என்றாள் பிரமிளா. நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்றாள். அந்த எண்ணை அங்கே வைத்தது நான்தான் என்றாள்.

அது அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை.

"நீங்க அங்க நர்ஸுங்களா?"

கண்ணாடிக்கு வெளியே கோகுல்நாத் வந்து நின்றார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

பிரமிளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் முழுப் பெயரைச் சொன்னாள். கம்பெனியின் பெயரையும் சொன்னாள். ஒப்பந்தப்படி அது வெளியே தெரியக்கூடாத பெயர்.

பிறகு, மகன் பக்கத்தில் இருக்கிறாரா, ஒரு பேனா எடுத்துக்கொள்ளச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அந்த அழைப்புப் பதிவின் எண் பதினொரு இலக்கம். அதைச் சொல்லிக் கேட்டால், அப்படியொரு பதிவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.