உடைத்தவள்

வாஷிங் மெஷினைக் கூடத்தில் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன.

நுகர்வோர் ஆணையம் அனுப்பிய பாலிடெக்னிக் ஆசிரியர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிரம்மின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் ஜன்னலோரம் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் கணவன் கந்தவேல் படுக்கையறையில் இருந்தான். வெளியே வரவில்லை.

“நீ உடைச்சதுதானே? நீயே நின்னு பார்த்துக்க” என்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

புதிதாக அவன் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

கல்யாணமாகி வந்த வருடம் மிக்ஸி புகைந்தது. அவள் கை பட்டதால்.

சுவர்க் கடிகாரம் நின்றது. அவள் கை பட்டதால்.

பைக்கில் செயின் அறுந்த அன்று அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். அதற்கும் அவள்தான்.

முதலில் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். பிறகு எப்போதோ, தனக்கே தெரியாமல், நம்பத் தொடங்கிவிட்டாள்.

சுவிட்சை விரல் நுனியால் தட்டினாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கத் தயங்கினாள். தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சக் கூப்பிட்டபோது, தலைவலி என்று மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வாஷிங் மெஷின், லாரி மேடேறுகிற சத்தத்தோடு துள்ளி நின்றபோது, வாரண்டி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

சர்வீஸ் சென்டர் ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை. துணியை அளவுக்கு மேல் திணித்திருக்கிறீர்கள் என்றான். கந்தவேல் சிரித்தான்.

அந்த இடத்தில் அவளுக்கு ஏதோ இடறியது.

அவள் திணித்ததே இல்லை. பயந்து பயந்து பாதி டிரம்கூட நிரப்ப மாட்டாள். போர்வைகளைக் கையாலேயே துவைத்துவிடுவாள்.

வேறு எதுவும் நிச்சயமில்லை. இது நிச்சயம்.

நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள். “வாரண்டி முடிஞ்சா உங்க உரிமையும் முடிஞ்சு போச்சுன்னு இல்லீங்கம்மா. செய்யறப்பவே குறை இருந்துச்சுன்னா கம்பெனியத்தான் கேக்கணும். ஆனா அது செய்யறப்பவே வந்த குறைதான்னு காட்டணும்.”

கணவனிடம் சொல்லாமல் ஆணையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். வக்கீல் இல்லாமல் அவளே பேசினாள்.

தெரிந்தபோது அவன் கேட்டான்: “நீதான் உடைச்சேன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிட்டு வரப்போறியா?”

இத்தனை நாளும் அந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்தாள். மெஷினைப் பார்க்க ஆணையம் அனுப்புகிறவரும் அதையே சொல்லிவிட்டால், அப்புறம் வீட்டுப் பேச்சாக இருக்காது. சர்க்கார் பேச்சாகிவிடும். மறுக்க இடமில்லை.

“நவமணியம்மா, இங்க வாங்க” என்று ஆசிரியர் கூப்பிட்டார்.

போனாள்.

டிரம்மைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் அலுமினியத் தாங்கி. மூன்று கிளை. ஒன்று முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் ஆசிரியர் வெளிச்சம் காட்டினார்.

உள்ளே, ஆப்பத்தின் நடுவில் இருக்குமே, அப்படிப் பொத்தல் பொத்தலாக.

“வார்க்கும்போதே காத்து புகுந்திருக்குதுங்க. வெளிய பார்த்தாத் தெரியாது. யார் ஓட்டியிருந்தாலும் இது உடைஞ்சிருக்கும். நீங்க பதனமா ஓட்டுனதாலதான் இத்தனை நாள் தாங்கியிருக்குது.”

கம்பெனி ஆள் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான்.

“ஆபீஸ்ல பேசறேங்க மேடம். மாத்திக் குடுத்துடுவாங்க.”

அது அவள் காதில் பாதிதான் விழுந்தது.

அப்படியே ஸ்குரூக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இத்தனை வருடமும் அரைமூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது.

“தண்ணி வேணுங்களா?” என்றார் ஆசிரியர்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“சார், இப்பச் சொன்னீங்களே. அதை இன்னொருக்காச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் பார்க்கிற திசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வகுப்பில் நிற்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

“ஒரு நிமிசங்க சார்.”

எழுந்து போய், ஒருக்களித்திருந்த படுக்கையறைக் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள்.