கனடாவுக்கு எட்டாத சிக்னல்

"ரவுட்டர்ல ஃபுல் சிக்னல் இருக்கும்மா. ஆன்டெனா போட்டாலும் இதுக்கு மேல ஏறாது," என்றான் டெக்னீஷியன் முகிலன்.

கோகிலவாணி தன் மொட்டைத் தலையிலிருந்து நழுவிய துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆனா கனடால இருக்கிற உங்க பையன்தான் ஆர்டர் போட்டிருக்கார். வீடியோ கால் வந்தாலே கட் ஆகுதாமே?"

"மாட்டிடுப்பா. அப்படியும் சேலையூர்ல சிக்னல் நிக்கலைன்னு அவன்கிட்ட சொல்லிடு."

"பொய் எதுக்கும்மா?"

"அவன் வீடியோல வந்தா நான்தான் ரவுட்டரை ஆஃப் பண்றேன். என்னைப் பார்த்தா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்."

முகிலன் சிரித்தான். "திருப்பதி மொட்டையைப் பார்த்து யாராவது பயப்படுவாங்களா?"

அவள் தடித்த ஃபிரேம் போட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"முடிக்குத் திருப்பதின்னு சொல்லிடலாம்பா. புருவத்துக்கு என்ன சொல்றது?"