பொடிக்குக் கொஞ்சம் வெல்லம்

தகரக் கொட்டகையின் வாசலிலேயே நின்றுவிட்டாள் அவள். உள்ளே போகக் கால் வரவில்லை.

உள்ளே, வைக்கோல் மேல் பவுனு படுத்துக் கிடந்தது.

பதினான்கு வயதுக் குதிரை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுற்றி, ஒன்பது வருடமாக வந்த சனத்தையெல்லாம் முதுகில் சுமந்தது. நேற்று மத்தியானம் படுத்தது, இன்னும் எழவில்லை.

கால்நடை டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முன்னங்கால் மூட்டை அழுத்திப் பார்த்தார். மடக்கினார். நீட்டினார்.

“மூட்டு நல்லா இருக்கே. வீக்கம் சுத்தமா வத்திப்போச்சு. பொடியை ஒழுங்காக் குடுத்திருக்கீங்க.”

அவள் புருஷன் அமலதாஸுக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை.

“எல்லாம் செலினோட கைங்க. நான் வெச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். இவ வெச்சா தட்டையே நக்கிடும்.”

ஊரெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். பெண்டாட்டி கைராசிக்காரியாம்!

உண்மை செலினுக்குத்தான் தெரியும்.

கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது. வெல்லம்.

பவுனு நொண்ட ஆரம்பித்தபோது இதே டாக்டரம்மாதான் படித்துப் படித்துச் சொன்னார். மூட்டு தேய்ந்திருக்கிறது. கொள்ளுத் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், உடம்பு ஏறினால் கால் தாங்காது. புல்லை நனைத்து, அதில் இந்தப் பொடியைக் கலந்து வைக்க வேண்டும். இனிப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது.

சொன்னார்தான். ஆனால் அந்தப் பொடியின் நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி. மூன்று நாள் பவுனு வாயில் வைக்கவில்லை.

கஷாயத்தை எந்தப் பிள்ளைதான் வெறுமனே விழுங்கும்? இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இது தெரியாதா?

நெல்லிக்காயளவு வெல்லத்தை நுணுக்கித் தூவினாள்.

தட்டு காலி.

அடுத்த வாரம் அது போதவில்லை. எலுமிச்சையளவு போட்டாள்.

ஒரு மாதத்தில் நொண்டல் குறைந்தது. ஏரிக்கரை வரை பவுனு தானாக நடந்து போய் நின்றது. செலினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெல்லத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அமலதாஸிடம் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவான். டாக்டரம்மா சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

மூன்றாம் மாதம் பவுனு மறுபடியும் தயங்கியது. முன்னங்காலை ஊன்றப் பயந்து, பின்னால் சாய்ந்து சாய்ந்து நின்றது.

“மூட்டு வலி திரும்பிருச்சு போலடீ,” என்றான் அமலதாஸ்.

அவள் பொடியை இரண்டு மடங்காக்கினாள்.

பொடியைக் கூட்டினால் வெல்லத்தையும் கூட்டத்தானே வேண்டும்? காலையில் ஓர் அச்சு. சாயங்காலம் ஓர் அச்சு.

டாக்டரம்மாவின் கை இப்போது மூட்டிலிருந்து குளம்புக்கு இறங்கியது. சட்டென்று நிமிர்ந்தார்.

“என்ன இது, இப்படிக் கொதிக்குது? உடம்புல சர்க்கரை ஏறினாத்தான் குளம்புக்குள்ள இப்படிப் புண்ணாகும். இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“ஐயையோ, இல்லவே இல்லீங்க!” அமலதாஸ் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறைதான். “நீங்க வேணாம்னு சொன்னத நாங்க குடுப்போமா?”

டாக்டரம்மா குளம்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உள்ள இருக்கற எலும்பு இறங்கி அடியால வெளிய வந்திருச்சு. இனிமே இது காலை ஊனி நிக்காது. வலியோட வெச்சிருக்கறது பாவம். ஊசி போட்டுத் தூங்கற மாதிரி அனுப்பிடலாம்.”

அமலதாஸ் குனிந்து அந்தக் குளம்பைப் பார்த்தான்.

“நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்,” என்றான். “நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வயதாகிவிட்டது, விதி முடிந்துவிட்டது என்று அவனே மனதைத் தேற்றிக்கொள்வான். அவளும் சேர்ந்து அழலாம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து ஆறுதல்கூடச் சொல்வார்கள்.

பாவி. நான் பாவி.

“வெல்லம் குடுத்தேன்.”

யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னாள்.

“நான்தாங்க குடுத்தேன். பொடி திங்கணுமேன்னு. தினமும்.”

அமலதாஸ் திரும்பினான்.

திட்டட்டும். கையை ஓங்கட்டும். ஊரைக் கூட்டிச் சொல்லட்டும், இவள்தான் கொன்றாள் என்று. அவள் காத்து நின்றாள்.

“நான்தாங்க குடுக்கச் சொன்னேன்,” என்றான் டாக்டரம்மாவிடம். “இவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா.”

கட்டிக்கொண்டு வந்த இருபது வருடத்தில் அவன் ஒரு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அதற்குப் பதில் அவன் அறைந்திருக்கலாம். தாங்கியிருப்பாள்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பையைத் திறந்தார்.

“தலையை யாராச்சும் பிடிச்சுக்கங்க.”

அமலதாஸ் வைக்கோலில் உட்கார்ந்தான். பவுனுவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டான். பவுனு கண்ணை மூடித் திறந்தது.

அவன் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.