பதினாறு வருசக் கடல்

படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தாள் சூர்யகலா. மழை விட்டிருந்தாலும் காற்று ஓயவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கடல் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது.

"கூடாரம் பறந்திராதே?"

"நாலு மூலைக்கும் கல்லு வச்சிருக்கேன். பதினாறு வருசமா நீ கேட்ட கடலு, கலா. பிடிச்சிருக்கா?" என்றான் அருள்பாண்டி. அவன் கண் மனைவியின் முகத்தை விட்டு நகரவில்லை.

"அந்தா ரெண்டு தீவு. ஆளு இருப்பாகளா?"

"கரடி இருக்கும்."

"நான் போயி கால நனைச்சிட்டு வர்றேன்."

"ரொம்ப உள்ள போயிராத. எனக்கு நீச்சல் தெரியாது."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெள்ளை முழங்கால் வரை ஏறிச் சில்லென்று தழுவியது.

அப்போது கடலுக்கடியிலிருந்து ஜீப்பு ஹாரன் கேட்டது.

ஏலக்காய் எடுக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரக் குரங்கணியிலிருந்து வண்டி மேலேறி வந்தது. மூடுபனி கிழிந்து, கீழே தூரத்தில் போடியின் மொட்டைமாடிகள் தெரிந்தன.

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "புயலுன்னு ராமேஸ்வரம் பஸ்ஸ நிறுத்திட்டாக. எஸ்டேட்டுல லீவும் இன்னிக்கு ஒரு நாளுதான். அடுத்த வருசம் நெசக் கடலையே காட்டிர்றேன்."

சூர்யகலா கால் ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காட்டுங்க. ஆனா, அந்தக் கடல்ல ஜீப்பு வருமா?"